கட்டிலுக்கடியில் மாப்பிள்ளை

நாய்க் காப்பகத்துப் பெண்ணிடம் நான் சொன்னது ஒரே ஒரு பொய்தான். எங்கள் வீடு ரொம்ப அமைதியான வீடு என்றேன். கூசாமல் சொன்னேன். வீட்டுக்குக் கீழேயே எங்கள் டிங்கரிங் பட்டறை. அடிபட்டு வரும் கார்களின் கதவையும் மட்கார்டையும் பொழுதெல்லாம் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதுதான் பிழைப்பு. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, உப்பை எடு என்பதைக்கூட ஊரைக் கூட்டுகிற குரலில்தான் சொல்வோம்.

பொய் சொல்லாமல் என்ன செய்வது? அந்தக் கறுப்பு நாய் கூண்டு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு வீட்டார் கூட்டிப்போய், இது ஒட்டாது என்று திருப்பி விட்டுவிட்டார்களாம். இன்னொரு தடவை திரும்பி வந்தால் கேட்க ஆள் வராது, கடைசிவரை கூண்டுதான் என்றாள் அந்தப் பெண். வாய் முந்திக்கொண்டது.

அவள் பக்குவம் சொல்லித்தான் அனுப்பினாள். வாசலில் ஒரு தடுப்புக் கதவு கூடுதலாகப் போட வேண்டும். கண்ணோடு கண் பார்க்கக் கூடாது. ஒளிந்தால் இழுக்கக் கூடாது. சாப்பாட்டை வைத்துவிட்டு விலகிப் போய்விட வேண்டும். ஒரு வாரம் கழித்து வந்து பார்ப்பாளாம், பயம் தெளியாவிட்டால் திரும்பக் கூட்டிப் போய்விடுவாளாம்.

வந்த நாய் நேரே மாடியறைக் கட்டிலுக்கடியில் புகுந்தது. அதற்குப் பெயர் வைத்தவள் எங்களோடு இருக்கும் என் நாத்தனார். அவள் நாக்குக்குத் தனியாக ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

"தட்டு அறைக்கே போகணும். வாயத் திறக்க மாட்டாரு. நம்மளப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. புது மாப்பிள்ளையேதான்," என்றாள்.

சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டாமா? சுத்தியல் வேலையை அடியோடு நிறுத்தச் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் முறைத்துக்கொண்டே ஓரமாக உட்கார்ந்து கார்ப் பள்ளங்களில் பட்டி பூசித் தேய்த்துக்கொண்டிருந்தார். மூவரும் திருடர்கள் மாதிரி நுனிக்காலில் நடந்தோம். கிசுகிசுவென்று பேசினோம். காரை விட்டுவிட்டுப் போன ஒருவர் வேலை முடிந்ததா என்று கேட்க வந்தபோது நான் சைகையில் பதில் சொல்ல, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று துக்கம் விசாரித்தார். எல்லாவற்றையும்விடக் கொடுமை, புருஷனோடு கிசுகிசு குரலில் சண்டை போடுவது. பாதித் திட்டு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது, அன்றைக்குச் சோறு செரிப்பதில்லை.

இத்தனை பாடுபட்டும் மாப்பிள்ளை மசியவில்லை. நான் பூனை நடை நடந்து தட்டை நீட்டினால் அதற்கு உடம்பெல்லாம் உதறியது. நாங்கள் எவ்வளவு அடங்கினோமோ அவ்வளவுக்கு அதுவும் சுவரோடு சுவராக ஒடுங்கியது.

சொன்னபடி அந்தப் பெண் வந்தாள். தரையில் படுத்துக் கட்டிலுக்கடியில் பார்த்தாள். எழுந்து மெதுவாகச் சொன்னாள்.

"உங்க மேல தப்பில்லக்கா. இது இன்னும் பயந்துதான் கிடக்குது. நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

எனக்கு அழுகை முட்டியது. அந்த நேரம் பார்த்துக் கீழே 'டங்' என்றது.

துக்கம் விசாரித்த அதே ஆள் வந்து, காரை வேறு பட்டறைக்குக் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. டங், டங், டங். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். என் அமைதியான வீடு சந்தி சிரித்துவிட்டது. ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்துகொள்ள, படிக்கட்டில் நின்று கத்தினேன்.

"யோவ், கொஞ்ச நேரம் கையக் கட்டிக்கிட்டு இருக்க முடியாதா உன்னால? இங்க நாயே போகப் போகுதுய்யா."

"என்னை என்னடி பண்ணச் சொல்ற? இன்னும் ஒரு நாள் போனா நானும் கட்டிலுக்கடியிலதான் படுக்கணும்," என்று கீழேயிருந்து பதில் வந்தது.

என் காலை ஏதோ உரசிக்கொண்டு போனது. குனிந்து பார்ப்பதற்குள் கறுப்பு வால் படியிறங்கிவிட்டது. தெருவுக்கு ஓடிவிடுமோ என்று பின்னாலேயே ஓடினேன். நல்ல வேளை, அவள் சொன்னபடி பட்டறை வாசலில் போட்டிருந்த தடுப்புக் கதவு தாழிட்டிருந்தது. நாய் அந்தப் பக்கமே போகவில்லை. அவர் தட்டிக்கொண்டிருந்த காரின் அடியில் போய்ப் படுத்து, முன்னங்கால்மேல் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அவர் திகைத்துப்போய்ச் சுத்தியலை நிறுத்தினார். உடனே தலை நிமிர்ந்தது, காது பின்னால் ஒட்டியது, உடம்பு உதறியது. மறுபடி ஒரு தட்டுத் தட்டினார். தலை இறங்கியது.

காப்பகத்துப் பெண் கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மூடிப்போன லாரிப் பட்டறையிலதான் இதப் புடிச்சோம். பொறந்து வளந்ததே அங்கதான் போல. ஒரு நாள் சத்தம் நின்னுருக்கு, எல்லாரும் இத விட்டுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் சத்தமில்லாம நடந்து வந்தது நாங்கதான், வலையோட."

ஒரு வாரமாக நுனிக்காலில் நடந்து அதன் உயிரை எடுத்தவள் நான். அழுதேவிட்டேன். எங்கள் வீட்டு வழக்கப்படி வாய்விட்டுத்தான் அழுதேன். காருக்கடியில் வால் ஒரு தரம் தரையைத் தட்டியது.

அந்தப் பெண் என் தோளைத் தொட்டு, நாய் இங்கேயே இருக்கட்டும் என்று காதோடு காதாகச் சொன்னாள்.

எங்கள் வீட்டுக்காரர் சுத்தியலை ஓங்கியபடியே திரும்பினார்.

"கொஞ்சம் சத்தமா பேசும்மா. மாப்பிள்ளை தூங்குறாரு."