பதினான்காம் கேள்விக்கு நான்கு வரி இடம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அக்கா போன் செய்தாள். "நீதான் எழுதுறவளாச்சே. அத்தானுக்கு ஆஸ்பத்திரியில ஒரு படிவம் நிரப்பணும். வந்துட்டுப் போ."

முன்னாள் படைவீரர்களுக்கான மனநலப் பிரிவு. பதினெட்டுக் கேள்விகள். பதினான்காவது: 'பாதிப்புக்குக் காரணமான சம்பவத்தை விவரிக்கவும்.' அதற்கு நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். இந்தக் கதைக்கு நான் இதுவரை பதினோரு பக்கம் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: போர் முடிந்து ஆறு ஆண்டுகளாகியும் அவர் காதுக்குள் வெடிச்சத்தம் ஓயவில்லை, அவர் கண்களில்—

(வேண்டாம். அவர் காதில் ஒரு கோளாறும் இல்லை. அடுப்படியில் நான் கிசுகிசுத்தாலும் கூடத்திலிருந்து பதில் சொல்வார்.)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அத்தான் ராணுவத்தில் சரக்கு லாரி ஓட்டியவர். இப்போது ஒரு மருந்துக் கிடங்கில் வேலை. போன வருடம் ஒருநாள் மகளைக் காரில் பள்ளிக்கு அழைத்துப் போனார். சாலை நடுவே ஒரு சாக்கு மூட்டை. சட்டென்று காரை நிறுத்தி, பிள்ளையை வெளியே இழுத்து, ஓரத்துப் பள்ளத்தில் தள்ளி, அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். மூட்டைக்குள் இருந்தவை பழைய துணிகள். ஏழு வயதுப் பிள்ளைக்கு முழங்கையில் எலும்பு விரிசல்.

"அவர் நல்லவர்தான், நான் இல்லேங்கல. ஆனா இனிமே இவளை அவரோட தனியா அனுப்ப மாட்டேன்" என்றாள் அக்கா. அத்தான் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

3

டாக்டரை நரைத்த தலையும் கனிந்த பார்வையுமாக எழுதியிருந்தேன். பொய். சின்ன வயதுப் பெண். கடும் ஜலதோஷம். பேச்சுக்கு நடுவே மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார்.

"மாத்திரை இருக்கு. பதற்றத்தைக் குறைக்கும், வேலை செய்யச் சில வாரம் ஆகும். உங்களை மாதிரி ராணுவத்துல இருந்தவங்க கூடிப் பேசுற குழு இருக்கு. இன்னொண்ணு, அந்த நாளை எங்கிட்ட திரும்பத் திரும்பச் சொல்றது. பதிவு பண்ணித் தருவோம், வீட்ல தினமும் கேக்கணும். கஷ்டம்தான். பாதியில விட்டுட்டுப் போறவங்க உண்டு. தேறினவங்களும் நிறைய."

"ஓட்டல்ல ஒப்பிக்கிற மாதிரி சொல்றீங்களே டாக்டர். இதுல எது சூடா இருக்கு?" அத்தான் சிரித்தார். அவர் மட்டும். பிறகு, "மாத்திரை போதும்" என்றார்.

4

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அக்கா எப்போதோ சொன்னதை வைத்து நான்கு வரியை நிரப்பினேன். 'முன்னால் சென்ற லாரி கண்ணிவெடியில் சிக்கியது. உற்ற நண்பரைக் கண்ணெதிரே இழந்தார்...' கச்சிதமாக வந்துவிட்டதில் எனக்குத் திருப்தி. (ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.)

அத்தான் வாங்கிப் படித்தார். "முன்னாடி இல்ல. பின்னாடி."

"அக்கா அப்படித்தான்..."

"அவகிட்ட அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். ரோட்ல ஒரு மூட்டை கிடந்துச்சு. நான் ஒதுக்கி ஓட்டிட்டுப் போயிட்டேன். ரேடியோ பக்கத்துலயேதான் இருந்துச்சு. பின்னாடி வர்றவன்கிட்ட ஒரு வார்த்தை—"

(வாக்கியத்தை முறித்தது நானல்ல. அவர் அங்கேதான் நிறுத்தினார்.)

என் வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கே. அதான் பயமா இருக்கு. நீ எழுதிட்டா நான் சொல்லாமலே தப்பிச்சுக்குவேன்." எழுந்துபோய் டாக்டரின் கதவைத் தானே தட்டினார்.

இதுவரை எழுத அவர் அனுமதி உண்டு. உள்ளே சொன்னதற்கு இல்லை.

5

ஐந்து முறை போயிருக்கிறார். மூன்றாம் முறை வாசலிலேயே வாந்தி எடுத்தார். நான்காம் முறை சட்டையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்து, ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினார். அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தவள், மூன்றாம் நாள் அவர் பதிவைக் கேட்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இனி முடிவு. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: பாதியிலேயே விட்டுவிடுகிறார். அத்தான் படித்துவிட்டு, "நடக்கலாம்" என்றார்.

மற்றொன்று: ஒரு காலையில் மகள் பள்ளிப்பையோடு ஓடிவந்து, அவர் காரில் ஏறி—

அக்கா அதற்குமேல் படிக்கவில்லை. "உன் கதை முடியணுங்கறதுக்காக என் பொண்ணை வண்டியில ஏத்தாதே."

இரண்டையும் அழித்துவிட்டேன். நாளை ஆறாவது முறை. போவாரா என்று எனக்குத் தெரியாது. முடிவில்லாமல் உங்களுக்கு இருப்புக் கொள்ளாவிட்டால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதை அக்காவிடம் நீங்களேதான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.