தந்தியில் விடுபட்ட பெயர்

அந்த மீனவ ஊரில் முக்கால்வாசிப் பேர் ஸ்மித். ஸ்மித் என்றால் கொல்லன். ஆனால் அங்கே ஒருவனும் சம்மட்டி பிடித்ததில்லை, எல்லோருக்கும் கடல்தான். ஆளைப் பிரித்துச் சொல்லப் பட்டப்பெயர் ஒன்றே வழி. கவிழ்ந்துபோன படகில் இருந்த ஐந்து பேரில் இரண்டு பேர் ஜேம்ஸ் ஸ்மித். எல்ஸ்பெத்தின் கணவன் 'தவளை'. பக்கத்து வீட்டுக் கிர்ஸ்டியின் கணவன் 'மேஜர்'.

மூன்றாம் நாள் காலை வடக்கே ஷெட்லாந்துத் தீவிலிருந்து தந்தி வந்தது. தபால் நிலையத்து மிஸ் டஃப் இருவருக்கும் வாசித்தாள்.

"ஜேம்ஸ் ஸ்மித் மட்டும் பிழைத்தார்."

"எந்த ஜேம்ஸ்?" என்றாள் எல்ஸ்பெத்.

"அவ்வளவுதாம்மா இருக்கு. கேட்டு மறுதந்தி அடிச்சிருக்கேன்."

கிர்ஸ்டி சிரிக்கப் பார்த்தாள். "என்னவன் பாதிரியார்கிட்டயே மேஜர்னு சொல்லித்தான் கை குடுப்பான். அதைச் சொல்லாம அவனால..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கே அப்போதுதான் புரிந்தது.

கல்யாணமான வாரமே எல்ஸ்பெத் தன் கணவனிடம் சொல்லியிருந்தாள். "வெளியாளுங்ககிட்ட அந்தப் பேரைச் சொல்லாதே. மானம் போகுது." அவன் கன்னத்தை உப்பிக் காட்டிச் சிரித்தான். ஆனால் சொல் தவறவில்லை. வெளியூர்த் துறைமுகங்களில் அவன் வெறும் ஜேம்ஸ் ஸ்மித், தந்தியில் இருந்தது போலவே.

வீட்டுக்கு வந்து அவனுடைய சட்டையை அடுப்பருகே காயப்போட்டாள். கிர்ஸ்டியை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. இருந்தும் சந்தோஷம் அடங்கவில்லை. கண் பட்டுவிடக் கூடாதென்று, ஊர் வழக்கப்படி, கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டுக்கொண்டாள்.

மதியம் மிஸ் டஃப் கோட்டுகூடப் போடாமல் வந்து இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்றாள்.

"அவரு மேஜர்னுதான் சொன்னாராம். மீன்பிடி படகுல ஏது மேஜரு, ஜுரத்துல உளர்றாருன்னு அங்க இருக்கிற கிளார்க் விட்டுட்டானாம்."

கிர்ஸ்டி அலறினாள். பிறகு எல்ஸ்பெத்தின் பக்கம் கை நீட்டினாள்.

"நீ கிளம்பு," என்றாள் எல்ஸ்பெத். "அவன் உன் வழியைப் பார்த்துக்கிட்டு இருப்பான்."

கதவைச் சாத்தினாள். சட்டை காய்ந்து சூடாக இருந்தது. அந்தப் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்லிப் பார்த்தாள்.

"தவளை."

கை மறுபடி தாழ்ப்பாளைப் பற்றியது. எவ்வளவு நேரம் பிடித்திருந்தும் இரும்பின் சில்லிப்பு போகவில்லை.