காலியாக இருந்த வரிசை

சம்பந்தியைத் திட்ட முடியாது. மகளைக் கொடுத்திருக்கும் வீட்டு மனிதர். அவர் நம் சட்டையில் காப்பியைக் கொட்டினாலும், 'கறை படியாது, விடுங்க' என்று நாம்தான் சமாதானம் சொல்ல வேண்டும். ஆறு ஆண்டுகளாகச் சர்வேயர் அப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். ஆனால் பதினான்கு அடிப் பாய்மரப் படகில் சம்பந்தியோடு உட்கார்ந்திருக்கும்போது பல்லைக் கடிக்கக்கூட இடம் போதவில்லை.

வழக்கமாக முன்பாயின் கயிற்றைப் பிடிப்பவர் சர்வேயரின் மைத்துனர். மைத்துனருக்குக் கை சுளுக்கு. பேரனைப் பார்க்க வந்திருந்த சம்பந்தி, "நான் வரேன், ஏரிக்காத்து வாங்கின மாதிரியும் இருக்கும்" என்று கிளம்பிவிட்டார். ரொட்டிக்கடை நடத்தி ஓய்ந்த மனிதர். ஒரு பை நிறைய பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டார். புறப்படும்போது மகள் காதோடு சொன்னாள்: "அப்பா, மாமாகிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க. சும்மா விளையாட்டுதானே?"

சும்மா விளையாட்டு! அந்தச் சொல்லே சர்வேயருக்கு எரிச்சல்.

புதன்கிழமை மாலைப் பந்தயம் அது. ஏழு படகுகள், மூன்று ஆரஞ்சு நிற மிதவைகள், இரண்டு சுற்று. கோப்பை கிடையாது, நடுவர் கிடையாது. மிதவையை இடித்த படகு அங்கேயே ஒரு முழு வட்டம் அடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். யாரும் விசில் ஊத மாட்டார்கள். இடித்தவரே அடிக்க வேண்டும். பரிசு இல்லையே தவிர, ஒரு தண்டனை உண்டு. கடைசியாக வருகிற படகு, மற்றவர்கள் கரையேறித் தேநீர் குடிக்கும்போது, திரும்பிப் போய் மூன்று மிதவைகளையும் அள்ளி வர வேண்டும். படகுக் கொட்டகைச் சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு படகுக்கும் ஒரு வரிசை. மிதவை அள்ளிய ஒவ்வொரு முறைக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு. பல் டாக்டரின் வரிசையில் கோடுகள் வேலி போட்டது மாதிரி நிற்கும். சர்வேயரின் வரிசை, அவருடைய அண்ணன் இந்தப் படகை வாங்கிய நாளிலிருந்து இருபத்திரண்டு ஆண்டுகளாக வெறுமையாக இருந்தது. அண்ணன் போன பிறகும் அதில் ஒரு பொட்டு விழவில்லை. விழவும் விடமாட்டார்.

"சம்பந்தி, கயித்த இழுங்க."

"எந்தக் கயிறு?"

"உங்க கையில இருக்கிறது."

"இது பிஸ்கட் பையோட கயிறாச்சே!"

முதல் சுற்றிலேயே ஐந்து படகுகள் முன்னால் போய்விட்டன. முன்பாய் உலரப்போட்ட துணி மாதிரிப் படபடத்தது. படகு திரும்பும்போதெல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறி உட்கார வேண்டும். சம்பந்தியோ, யாரோ விருந்துக்கு அழைத்த மாதிரி நிதானமாக எழுந்து, வேட்டி ஓரத்தைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தார். பாயின் அடிக்கட்டை அவர் தலையை மயிரிழையில் தவறவிட்டது. அது வேறு கவலை. சம்பந்தி தலையில் அடிபட்டால் மகள் வீட்டில் யார் முகத்தில் விழிப்பது?

பின்னால் மிச்சமிருந்தது பல் டாக்டரின் படகு மட்டும்தான். அது பக்கத்தில் வந்தபோது சம்பந்தி எழுந்து நின்று, "டாக்டர், ரெண்டு பிஸ்கட் சாப்பிடுங்க!" என்று கையை நீட்டினார்.

"பந்தயத்துல லஞ்சமா சர்வேயர் சார்?" என்று டாக்டர் சிரித்தார்.

"உக்காருங்க சம்பந்தி," என்றார் சர்வேயர். குரலில் சர்க்கரை தடவத்தான் பார்த்தார், ஒட்டவில்லை.

இரண்டாவது சுற்றில் கடைசி மிதவை. மேற்குக் கரையில் பத்து மாடிக் கட்டடம் எழும்பிய பிறகு அந்த மூலையில் காற்று செத்துக்கிடக்கும். டாக்டர் நான்கு படகு நீளம் பின்னால், தன் பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் ஒட்டித் திருப்பினால் அவரை நிரந்தரமாகக் கழற்றிவிடலாம். சர்வேயர் ஒட்டினார். இன்னும் ஒட்டினார். படகின் வயிற்றில் 'சொத்' என்று ஒரு சத்தம். மிதவை பக்கவாட்டில் உரசிக்கொண்டே போய்ப் பின்னால் தலையை ஆட்டியது.

"ஏதோ தட்டிச்சே?" என்றார் சம்பந்தி.

"அலை," என்றார் சர்வேயர்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. தட்டுத் தண்ணீர் மாதிரிக் கிடந்த ஏரியில் அலை! ஒரு சாண் நிலத்துக்காகக் கோர்ட் ஏறிய குடும்பங்கள்கூட அவர் கல் நட்ட இடத்தை ஒப்புக்கொண்டு வீடு திரும்பியிருக்கின்றன. முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு கல்லைக்கூட அவர் நகர்த்தி நட்டதில்லை.

சம்பந்தி அந்தப் பேச்சை அதோடு விட்டிருந்தால் ஒருவேளை எல்லாம் முடிந்திருக்கும். அந்த மனிதருக்கு எதையும் விடத் தெரியாதே!

"நீங்க அலைன்னா அலைதான் சம்பந்தி. உங்க ஒரு வார்த்தைய நம்பித்தானே பொண்ணு எடுத்தோம்? என் தம்பி விசாரிக்கணும்னு குதிச்சான். சர்வேயர் வாயால சொன்னப்புறம் என்னடா விசாரிப்புன்னு நான்தான் அடக்கினேன்." ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். "இன்னிக்கு வரைக்கும் அதுல ஒரு குறை இல்ல."

சர்வேயர் கொட்டகையைப் பார்த்தார். இருநூறு கஜம் இருக்கும். டாக்டருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. சத்தம் கேட்டது, பக்கத்தில் உட்கார்ந்து நம்பித் தொலைக்கும் இந்த ஒரு மனிதருக்குத்தான்!

"அலை இல்ல," என்றார், சண்டைக்கு வந்தவர் மாதிரி. "மிதவை. நான்தான் இடிச்சேன். குனிஞ்சு உக்காருங்க, வட்டம் அடிக்கணும்."

"இப்பவா? டாக்டர் வந்துடுவாரே!"

"வரட்டும்."

சுக்கானைத் தள்ளினார். காற்றில்லாத இடத்தில் ஒரு வட்டம் என்பது சாமானியமா? பாதி திரும்பியதும் படகு அப்படியே நின்றுவிட்டது. சுக்கானை இப்படியும் அப்படியும் ஆட்டி, கையால் தண்ணீரைத் துழாவி, ஒரு வழியாகச் சுற்றி முடித்தபோது டாக்டர் கடந்து போனார்.

"என்ன சர்வேயர் சார், ஏரிய அளக்கறீங்களா?"

"மிதவைய இடிச்சுட்டேன்!" என்று சர்வேயர் கத்தினார். அந்த ஏரியில் அவர் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டதில்லை.

கடைசியாக முடிவுக் கோட்டைத் தாண்டி, திரும்பி, மிதவைகளை அள்ளினார்கள். ஈரம் சொட்டச் சொட்ட மடியில் ஒன்றை வைத்துக்கொண்டு சம்பந்தி சொன்னார்: "கடைசியா வந்தா இன்னொரு சவாரியா? நல்ல கிளப்பு!"

கொட்டகையில் எல்லாரும் பலகையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். டாக்டர்கூடத் தேநீர்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தூரிகையைச் சர்வேயரே எடுத்தார். சாய்ந்துவிடாமல், மற்ற கோடுகளைவிட நேராக, ஒரு கோடு இழுத்தார்.

சம்பந்தி தலையைச் சாய்த்துப் பலகையைப் பார்த்தார். "இவ்வளவு நாளா மொட்டையால்ல இருந்திருக்கு! இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கு."

சர்வேயர் தூரிகையை டப்பாவில் போட்டு மூடினார். ஆறு ஆண்டுகளாகக் கடித்த பல் வலித்தது.

"சம்பந்தி," என்றார், "அடுத்த புதன்கிழமை வர்றதா இருந்தா கயிறு எது, பை எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. இல்லன்னா கரையிலயே உக்காந்திருங்க."

"அப்ப வரலாம்னு சொல்றீங்க!" என்றார் சம்பந்தி, வாயெல்லாம் பல்லாக.