இடக்கை முடிச்சு

என் வீட்டுக்காரர் போட்ட முடிச்சை அவிழ்க்க ஒருத்தி தனியாகப் பிறந்து வர வேண்டும். சாப்பாட்டுப் பையைக்கூட இறுக்கிக் கட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். கல்யாணமான நாளிலிருந்து அவரைத் திட்டிக்கொண்டே அவிழ்த்தவள் நான்.

ரயில் யார்டில் சரக்குப் பெட்டிகளை இணைப்பது அவர் வேலை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இறங்குமுன் பெட்டியின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி இருக்கும்வரை எஞ்சின் அசையக் கூடாது. கட்டியவரைத் தவிர யாரும் அதை அவிழ்க்கவும் கூடாது. ஒரு மத்தியானம் எஞ்சின் அசைந்தது. அவர் போய்விட்டார்.

அவர் துணி கட்டாமலே இறங்கினாராம், கூட வேலை பார்த்த கூட்டாளிகள் பிறகு கட்டிவிட்டார்களாம். நிர்வாகம் கோர்ட்டில் இப்படிச் சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. அவர் சாவுக்கு அவரே காரணம் என்று தீர்ப்பாகிவிட்டால் என் பிள்ளைகள் அதைக் காலமெல்லாம் சுமக்க வேண்டுமே. பார்த்த சாட்சி ஒருவருமில்லை. ஆதாரம் போதாது என்று எங்கள் வக்கீலே தலையைச் சொறிந்தார்.

ஆனால் துணி இருந்தது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்பதால் கூட்டாளிகள் யாரும் அதைத் தொடவில்லை. கைப்பிடியைக் கழற்றித் துணியோடு கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதே பாழாய்ப்போன முடிச்சு.

அவர் போன அன்று சாப்பிட்டுவிட்டுக் கட்டிவைத்த, யார்டிலிருந்து கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பையை அவிழ்க்க மனம் வராமல் அப்படியே வைத்திருந்தேன். வக்கீல் அதைத் துணியின் பக்கத்தில் வைத்தார். நீதிபதியம்மா என்னையும் கூட்டாளிகளையும் ஆளுக்கொரு கயிற்றில் முடிச்சுப் போடச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீலையும் விடவில்லை. எங்கள் எல்லோருடைய முடிச்சும் ஒரு பக்கம் திரும்பியது. அவர் போட்ட இரண்டும் மறுபக்கம். அவர்கள் குழுவில் இடக்கைக்காரர் அவர் ஒருவர்தான்.

"கண்ணால பாத்தவங்க இல்லாட்டியும் இந்த ஆதாரம் போதும். அவர் மேல தப்பில்ல," என்றார் நீதிபதியம்மா.

வழக்கு முடிந்து துணி கைப்பிடியோடு வீட்டுக்கு வந்தது. கூட்டாளிகள் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் கை வைக்கவில்லை. கடைசியில் அவர்கள் மேஸ்திரிதான் சொன்னார்.

"கட்டினவருதான் அவுக்கணும் அண்ணி. அவரு இல்லாதப்ப அது உங்க வேலை."

நகத்தால் கிளறி, பல்லால் இழுத்து, வழக்கம்போல அவரைத் திட்டிக்கொண்டே அவிழ்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் மனசு நிறைந்திருந்தது.

சாப்பாட்டுப் பையை மட்டும் இன்னும் அவிழ்க்கவில்லை. உள்ளே டப்பாவைக் கழுவாமல்தான் வைத்திருப்பார். அதற்கும் சேர்த்து ஒருநாள் திட்டிக்கொள்கிறேன்.