சுவர் விடும் மூச்சு

தச்சர் மேஜைமேல் வைத்த இரண்டு மாதிரித் துண்டுகளையும் மகன் நகைக்கடையில் தோடு பார்ப்பவனைப் போலத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். ஒன்று வெள்ளை நுரைப்பலகை. மற்றது தலையணையைக் கிழித்து எடுத்தாற்போலப் பழுப்புப் பஞ்சு. உடைந்த மின்விசிறியும் காலிப் பெட்டிகளும் கிடந்த பரண், அப்பாவின் அறையாகப் போகிறது. செங்கல் சுவரைத் தளம் தாங்காதென்று மரச்சட்டம் அடித்து இருபுறமும் ஜிப்சம் போர்டு. நடுவில் எதை அடைப்பது என்பதுதான் மூன்று வாரமாக வீட்டைப் பிடித்து ஆட்டுகிறது.

"சுவர்னா மூச்சு விடணும்," என்றான் மகன். நேற்றுப் பார்த்த வீடியோ.

"சுவர் விடட்டும்ப்பா. நான் விடுறதுதான உனக்குப் பிரச்சினை," என்றார் அப்பா.

முப்பத்துநான்கு வருஷம் தொலைபேசி நிலையத்தில் இருந்தவர். முதல் ஹலோவிலேயே பொய்யன் யாரென்று பிடித்துவிடும் காது. வெப்பம், ஈரப்பதம் என்று முழங்கிய பிள்ளையின் வாயில் இருமல் என்ற சொல் மட்டும் வரவேயில்லை. அவனது அலுவலகக் கூட்டத்துக்குள் அப்பாவின் இருமல் புகுந்த மறுநாள்தானே இந்தக் கட்டடக்கலை ஞானம் பிறந்தது! அவர் கேட்டது ஒன்றே ஒன்று: மேலே விழுந்து கிடந்து கூப்பிட்டால் கீழே கேட்க வேண்டும்.

"அதுக்குத்தான் போன் இருக்கேப்பா."

"வெயிலுக்கு மட்டும்னா நுரையே போதும் சார்," என்றார் தச்சர். "பஞ்சு சத்தத்தையும் அமுக்கிடும்."

"எனக்குத் தெரியும். பஞ்சே போடுங்க. ரெண்டு பக்கமும் டபுள் போர்டு."

பத்து நாளில் சுவர் எழும்பியது. பரிசோதனையையும் அவனே நடத்துவதாக ஏற்பாடு. உள்ளே நின்று கத்துவான். கீழே கேட்டால் இன்னோர் அடுக்கு.

"சார், அந்தக் கதவுல உள்பக்கம்..."

"எனக்குத் தெரியும்."

படியேறினான். கதவு சாத்துகிற ஓசை கச்சிதமாக வந்தது. அதன்பின் ஒன்றுமில்லை. தச்சர் காதுக்கு மேல் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார்.

"உள்பக்கம் கைப்பிடி இன்னும் போடலைன்னு சொல்ல வந்தேன்யா."

"அவனுக்குத் தெரியும்," என்றார் அப்பா.

மருமகள் டீ கொண்டுவந்தாள். மேஜைமேல் அவனுடைய போன் ஒளிர்ந்து அணைந்தது.

"கத்துறாரா மாமா? ஏதாச்சும் கேக்குதா?"

அப்பா அந்தக் காலத்தில் தூரத்து ஊர்க் குரலைப் பிடித்ததுபோலத் தலையைச் சாய்த்தார். கேலிக்குத்தான் சாய்த்தார். ஆனால் நிஜமாகவே ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். அப்போதும் இல்லை. முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"அருமையான சுவரும்மா," என்றார்.

தலைக்கு மேலே பரண் பலகை அதிர்ந்து, இடுக்கிலிருந்து ஒரு சிட்டிகை மரத்தூள் உதிர்ந்தது. சற்று விட்டு இன்னொரு சிட்டிகை. அவர் டீ டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தார்.