வாகை நிழலில் ஒரு மீட்டர்

சாக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் தண்ணீர் திறந்துவிடும் முத்தரசுக்குத் திருட்டுப் பட்டம் கட்டியது நான் பராமரிக்கும் மீட்டர்தான். அதனால்தான் வண்டியை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். ஆபீசில் யாரும் போகச் சொல்லவில்லை. அவர்களுக்குத் திரையில் தெரிந்ததே போதும்.

இந்த மீட்டருக்காகக் குழாயை வெட்ட வேண்டியதில்லை. குழாய்க்கு வெளியே இரண்டு கருவிகளைப் பட்டை போட்டுக் கட்டினால், ஒலியை அனுப்பி உள்ளே எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று சொல்லிவிடும். அந்த ஊரில் குழாய் தரைக்கு மேலே தெரிவது ஒரே இடத்தில்தான். அய்யனார் கோயில் காட்டுக்குள் ஓடையைத் தாண்டும் இடம் அது. அந்தக் காட்டில் ஒரு சுள்ளியைக்கூட யாரும் ஒடிக்க மாட்டார்கள். கிளையை வெட்டாமல் கரண்ட் கம்பி இழுக்க முடியாது என்பதால் சோலார் தகடும் பேட்டரியும் வைத்திருந்தோம்.

கொஞ்ச நாளாகவே மத்தியானத்துக்கு மேல் திரையில் பூஜ்யம். முத்தரசு மோட்டார் ரூமிலேயே வால்வை அடைத்துவிட்டுத் தண்ணீரை லாரிக்கு விற்கிறார் என்று ஆபீசில் முடிவு கட்டிவிட்டார்கள். கடைசித் தெருவில் குடம் நிரம்பாமல் நின்றவர்களும் அதை நம்பினார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அய்யனார் முன்னால் அவர் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுப் போகவேண்டும் என்று ஊர் சொல்லியிருந்தது.

"சத்தியம் பண்ண எனக்கென்ன பயம் மேடம்" என்றார் முத்தரசு, காட்டுக்குள் என்னோடு நடந்தபடி. "பண்ணிப்புட்டு வீட்டுக்குப் போனா எம் மக மூஞ்சியில எப்பிடி முழிக்கிறது? அப்பனை இப்பிடி நிறுத்திட்டாகளேன்னு அதுக்கு இருக்காதா?"

 சோலார் தகட்டைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாசி மாதம் வாகை மரம் மொட்டையாக நின்றபோது கம்பத்தை நட்டுவிட்டுப் போயிருக்கிறார் எங்கள் ஆபீஸ் புண்ணியவான். இது ஆனி. மரம் தழைத்துக் குடை பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் கொஞ்சம் வெயில் விழும்வரைதான் மீட்டருக்கு உயிர். அதற்குப் பிறகு பேட்டரி செத்துவிடும். செய்தி வராத நேரத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர் பூஜ்யம் போட்டு வைத்திருக்கிறது. அதை வைத்து ஒரு மனிதரைத் திருடனாக்கியாயிற்று.

"அந்த ஒரு கிளையைக் கழிச்சுட்டாப் போதும்ண்ணே."

"அதை மட்டும் சொல்லாதீக. எம் பேரு கெட்டதோட போகட்டும். சாமி மரத்துல கை வைக்க வேணாம்."

காட்டை ஒட்டி வெட்டவெளியாக இருந்தது பொன்னழகின் கடலைக் கொல்லை. கடைசித் தெருப் பெண்மணி. முத்தரசைத் திருடன் என்று முதலில் கத்தியவரும் அவர்தான். தயங்கித்தான் போய்க் கேட்டேன்.

"நட்டுக்க ஆத்தா. எது நெசமோ அது தெரியட்டும்" என்றார்.

கம்பத்தைப் பெயர்த்து அங்கே நட்டோம். தூரம் அதிகமென்பதால் தடித்த கேபிளாக வாங்கி, மரங்களைத் தொடாமல் தரையோடு கிடத்தி மீட்டர்வரை கொண்டுபோனோம். மறுநாள் பொன்னழகு மோட்டார் ரூம் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். வால்வு முழுதாகத் திறந்திருப்பதையும் லாரி எதுவும் வராததையும் தன் கண்ணாலேயே பார்த்தார். மத்தியானம் தாண்டியும் மீட்டர் ஓடியது. பூஜ்யம் வரவே இல்லை. சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடுகூட மறந்துபோயிற்று.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. காலையில் நல்லபடியாகத் தொடங்கும் ஓட்டம் பொழுது ஏற ஏற இளைத்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் குறைவு. கசிவு ஏதாவது இருக்குமோ என்று மோட்டார் ரூமிலிருந்து காடுவரை நடந்து பார்த்தேன். எங்கும் ஈரமில்லை. அப்போதுதான் புரிந்தது: ஊருக்குத் தண்ணீர் தரும் போர்வெல்லில் ராத்திரி ஊறுகிற தண்ணீர் மத்தியானத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. மீட்டர் நாள் முழுக்க விழித்திருந்தால் இது எப்போதோ தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கோயிலில் யாரும் கற்பூரம் கொளுத்தவில்லை. கூடியிருந்தவர்களிடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். "முத்தரசு அண்ணன் ஒரு சொட்டுக்கூட எடுக்கலை. போர்வெல்லே வத்திக்கிட்டு இருக்கு" என்றேன்.

பொன்னழகு முத்தரசின் அருகில் வந்தார். "மனசுல வச்சுக்கிறாதய்யா" என்றவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பேர் மீண்டது என்று முத்தரசு மகிழ்வார் என நினைத்திருந்தேன். அவர் திரையில் இறங்கிக்கொண்டே போன கோட்டைப் பார்த்தபடி நின்றார்.

"நாங் களவாண்டிருந்தாக்கூடத் தேவலையே மேடம்" என்றார். "என்னைய வெரட்டிவிட்டுட்டுக் கொடத்தை நெறச்சிருப்பாக."