கிட்டங்கிச் சாவி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து சிவப்பிரகாஷ் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள், முத்துச்செல்வி கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, நடுவில் ஸ்டூல் மேல் செல்போனை வைத்துவிட்டாள். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளூர் சேனலில் செய்தியாளராகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. நாளைக்குத்தான் முதன்முதலாகத் தனியாகப் பேட்டி எடுக்கப் போகிறாள். அதற்கு முன்னால் புருசனை வைத்து ஓர் ஒத்திகை.

பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் தோசைக்கு நடுவே அவனிடம் ஒப்பித்திருக்கிறாள். முதலில் பதில் தெரிந்த கேள்வியாகக் கேட்க வேண்டுமாம். எதிராளி பேசி முடித்ததும் அடுத்ததற்குத் தாவாமல் சும்மா இருக்க வேண்டுமாம். அந்தச் சும்மாவைத் தாங்க முடியாமல் அவனே எதையாவது உளறுவானாம். ஒலிப்பதிவை அணைத்த பிறகு மனுசன் தளர்ந்து பேசுவதுதான் அசல் சங்கதியாம். டிவியில் சேர்ந்தாளா, போலீசில் சேர்ந்தாளா என்று கேலி பேசிக்கொண்டே சட்னிக்குத் தட்டை நீட்டியவன்தான் அவன். இன்றைக்குக் கேலி வாயில் வரவில்லை.

காரணம் இருந்தது. நாளைய பேட்டி எதைப் பற்றி என்று காலையில்தான் சொன்னாள். இலங்கைக்குப் படகில் ஏற்ற இருந்த பீடி இலை மூட்டைகள் திரேஸ்புரம் கரையில் பிடிபட்டிருந்தன. அதுவரை அவை யாருடைய சரக்குக் கிட்டங்கியில் கிடந்தன என்று போலீஸ் தேடுகிறது. அவளும் கிட்டங்கி வைத்திருக்கிற கடைக்காரர்களைப் போய்ப் பார்க்கப் போகிறாளாம்.

பலசரக்குக் கடைக்காரனான சிவப்பிரகாஷுக்கும் புதுக்கோட்டைச் சாலையில் ஒரு கிட்டங்கி உண்டு. பள்ளிக்கூடத்துச் சேக்காளி பேச்சிமுத்து மூட்டை போட இடம் கேட்டதும் சாவியைக் கொடுத்திருந்தான். என்ன மூட்டை என்று கேட்கவில்லை. நம்பிக்கையால் இல்லை, பதில் தெரிந்துவிடுமோ என்ற பயத்தால்தான் கேட்கவில்லை. சரக்கு பிடிபட்டதிலிருந்து பேச்சிமுத்துவின் போன் அணைந்து கிடக்கிறது. விஷயம் வெளியே வந்தால் கடையின் பெயரும் போகும், அவளுடைய வேலையும் போகும்.

கடை எப்போது ஆரம்பித்தது, எந்தச் சரக்கு அதிகம் போகிறது என்றெல்லாம் கேட்டாள். கொஞ்சம் பெருமையாகவே பதில் சொன்னான்.

"கிட்டங்கி எப்படி இருக்கு அத்தான்?"

"சும்மாத்தான் கெடக்கு. மழைக்கு ஒழுவுது."

தலையை ஆட்டினாள். அடுத்த கேள்வி வரவில்லை. தெருவில் ஓர் உப்பு லாரி போனது. பால் பொங்கக் காத்திருப்பவளைப் போல அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது பாடம்தான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

"சாவிகூட எங்கிட்டதான் இருக்கு. யாருக்கும் குடுக்கல."

சாவியைப் பற்றி யார் கேட்டார்கள்? போன வாரம் துவைக்க எடுத்த சட்டையை அவள் முகர்ந்து பார்த்தாள். வேர்வைக்காக என்று நினைத்திருந்தான். பீடி இலை வாடையும் அதில் இருந்ததோ? ஒத்திகைக்குப் பக்கத்து வீட்டு ஹில்டா அக்கா கிடைக்கவில்லையா? பதில் தெரிந்த கேள்வியாகத்தான் முதலில் கேட்பார்கள். எந்தக் கேள்வி வரைக்கும் இவளுக்குப் பதில் தெரியும்?

முத்துச்செல்வி கையை நீட்டி ஒலிப்பதிவை அணைத்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பாடம் முடிஞ்சிட்டு. இப்ப நாஞ் சும்மா கேக்கேன் அத்தான். நாங் கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?"

காய்ச்சல் விட்டதா என்று கேட்கிற அதே குரல். அவனுக்கு எல்லாமே தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொல்லிவிட்டால் போதும், இவள் எப்படியாவது வழி பார்ப்பாள். ஆனால் அணைத்த பிறகுதான் அசல் சங்கதி என்று சட்னி ஊற்றிக்கொண்டே சொன்னவளும் இவள்தான். எதிரே உட்கார்ந்திருப்பது பெண்டாட்டியா, செய்தியாளரா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அவளுக்குப் பின்னால் சுவரில் மூன்று ஆணிகள். ஒன்றில் கடைச் சாவி, ஒன்றில் பைக் சாவி. மூன்றாவது ஆணிக்குக் கீழே, சாவி உரசி உரசி விழுந்த கறுப்புத் தடம் மட்டும் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவனைப் பார்த்தபடி சும்மா இருந்தாள்.